யாழ்ப்பாணத்து றோட்டுகளுக்கு ஒரு சைக்கிள் பார்த்து வாங்குவது எப்படி?

"என்ன சைக்கிள் வாங்கலாம்?" கம்பஸுக்கு வெளிமாவட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளும், இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தரும், கனகாலம் வெளியில் இருந்துவிட்டு ஊர் வீட்டைத் திருத்திக்கொண்டு வந்து இறங்குபவர்களும் கேட்பது இதைத்தான். நான் பெயர் சொல்வதில்லை. "வீட்டிலிருந்து வேலைக்கு எந்தப் பாதையால் போவீங்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் பிரதான வீதியின் பெயரைச் சொல்வார்கள். பலாலி வீதி, கே.கே.எஸ். வீதி, பருத்தித்துறை வீதி. அந்த வீதிகள் காப்பெற் போட்டுச் சீராகக் கிடக்கின்றன, எந்தச் சைக்கிளும் ஓடும். படலையிலிருந்து அந்த வீதிக்கு வந்து சேரும் ஒழுங்கையைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. சைக்கிள் அடிபடுவது அங்கேதான்.

ஒரு கிழமை பாதையைப் பாருங்கள்

என் பாதையைச் சொல்கிறேன். கோண்டாவிலில் எங்கள் படலையிலிருந்து அரைக் கிலோமீற்றர் செம்மண் ஒழுங்கை. அதில் பாதித் தூரம் யாரோ எப்போதோ கொட்டிய சுண்ணாம்புக்கல், கூர் கூராக மேலே கிளம்பி நிற்கும். பிறகு பலாலி வீதி, திருநெல்வேலிச் சந்தைச் சனநெருக்கம், பட்டணம். கிழமைக்கு ஒருக்கா பண்ணைப் பாலம் தாண்டி வேலணையில் அம்மாவிடம். இவ்வளவுக்கும் ஒரே சைக்கிள்தான்.

கடைக்குப் போக முதல் நீங்களும் ஒரு கொப்பித் தாளில் இப்படி எழுதுங்கள். தார் எவ்வளவு தூரம், மண் எவ்வளவு தூரம், கல் எங்கே, மணல் எங்கே. ஒரு நாளில் என்ன சுமப்பீர்கள், பிள்ளையைப் பின்னால் ஏற்றுவீர்களா, சைக்கிள் இரவில் நிற்பது விறாந்தையிலா, முற்றத்திலா. மாரிக்கு முன் வந்திருந்தால் அயலட்டையில் ஒருவரைப் பிடித்து, ஐப்பசி, கார்த்திகையில் ஒழுங்கைக்குள் வெள்ளம் எதுவரை வரும் என்று கேளுங்கள். கணுக்காலா, முழங்காலா என்று கையாலேயே காட்டிவிடுவார்கள். கணுக்காலுக்கு மேலே என்றால் சில்லின் நடுவிலும் பெடலடியிலும் இருக்கிற சின்ன இரும்புக் குண்டுகளுக்குள், அதாவது போல்ஸுக்குள் தண்ணீர் போகும். வருசத்துக்கு ஒருக்கா கழற்றிக் கிறீஸ் வைக்கிற செலவையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

முதலில் ரயர்

கடைக்குள் போனதும் கண் நிறத்துக்கும் கியருக்கும் ஓடும். நீங்கள் குனிந்து ரயரின் பக்கவாட்டைப் பாருங்கள். அங்கே இரண்டு எண்களைக் கோடு போட்டுப் பிரித்து எழுதியிருக்கும். முதல் எண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது எண் ரயர் போய் உட்காரும் ரிம்மின் விட்டம், அதுவும் மில்லிமீற்றரில்தான். பின்னால் தலையிடி வராமல் இருக்க வேண்டுமென்றால் இந்த இரண்டாவது எண்ணைப் பாடமாக்கி வையுங்கள்.

26 அங்குலம் என்று சொல்லி விற்பதில் இரண்டு சாதி இருக்கிறது. லேடீஸ் சைக்கிளில் வழக்கமாக வருகிற 26 × 1⅜ ரயருக்கு ரிம் 590. மவுண்டன் சைக்கிளில் வருகிற 26 × 1.75, 26 × 1.95 ரயர்களுக்கு ரிம் 559. பெயரில் இரண்டும் 26தான், ஆனால் ஒன்றை மற்றதில் போடவே முடியாது. இதேபோல எங்கள் அப்பாமார் ஓடிய உயரச் சைக்கிளின் 28 × 1½ ரயருக்கு ரிம் 635. இப்போது வருகிற 700 சைஸுக்கு ரிம் 622. பார்வைக்கு ஒரே உயரமாகத் தெரியும். 13 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் ரயர் ஏறாது, ஏறினாலும் நிற்காது.

அகலம் எவ்வளவு? தார், மண், கல் மூன்றும் கலந்து ஓடுபவருக்கு 38 முதல் 50 மில்லிமீற்றருக்குள் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போனால் சுண்ணாம்புக்கல்லில் ரிம் அடிபடும், மணலில் சில்லுப் புதையும். 50க்கு மேலே, பூப்போட்ட மாதிரிக் கட்டை கட்டையாகப் பல் வைத்த ரயர் என்றால் மணற்காட்டுக்கு நல்லது. பலாலி வீதியில் அது 'உர்ர்' என்று இரைந்துகொண்டு உங்கள் காலைத் தின்னும். நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் மட்டும் சின்னப் பல்லோடும் இருக்கிற ரயர் கிடைத்தால் அதை எடுங்கள். நான் ஓடுவது 559 ரிம்மில் 47 மில்லிமீற்றர் ரயர், அதாவது 26 × 1.75.

ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் சின்னவிரல் போய்வருகிறதா என்றும் பாருங்கள். கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண் மழைக்கு ரயரோடு அப்பிக்கொண்டு வரும். இடைவெளி இல்லாவிட்டால் மண் அங்கே அடைத்துச் சில்லு இறுகிவிடும். ஒருநாள் காலமை, அலுவலகத்துக்குப் பிந்தின அவசரத்தில், பூவரசங் கம்பொன்றை முறித்து நான் மட்காட்டுக்குள் கிண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். சீலையில் பட்ட செம்மண் கறை இன்னும் போகவில்லை.

முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெருஞ்சி முள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஒழுங்கைகளின் தனி வில்லங்கம் முட்கிளுவை. வேலி வெட்டுகிற காலத்தில் கதியாலைச் செதுக்கி ஒழுங்கைக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். பச்சையாகக் கிடக்கும்போது ஒன்றும் செய்யாது. நாலைந்து நாள் வெயிலில் காய்ந்தபின் ஆணி மாதிரி ஏறும். ஆகவே ரயர் வாங்கும்போது நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் வேண்டாம்.

சைக்கிளுக்கு முன் சைக்கிள் கடை

இதை நான் பிழைவிட்டுப் பழகினேன். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டு, நாடு முழுக்கச் சனம் சைக்கிளுக்கு ஓடிய நேரம். விலையும் ஏறிக்கொண்டே போனது. இருக்கிறதில் ஒன்றை எடுப்போம் என்று, முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த, டிஸ்க் பிறேக் பூட்டிய, கறுப்பும் பச்சையுமான ஒன்றை வாங்கினேன். ரிம் 584, அதாவது இருபத்தேழரை அங்குலம். ஏழெட்டு மாதத்தில் பின் ரயர் வெடித்தது. எங்கள் சந்திக் கடை ஐயா ரயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, உது வடிவுக்குத்தான். உந்தச் சைஸ் ரயர் என்னட்டை இல்லை, பட்டணத்திலையும் கேட்டுப் பாக்கவேணும்." கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை சென்றது. அதற்குள் அடுத்த மாரி வந்து, உப்புக்காற்றும் சேர்ந்து முன் ஸ்பிரிங் கறள் பிடித்து இறுகிப்போனது. இரண்டு கிலோவுக்குக் கிட்ட இரும்பை முன்னால் சும்மா சுமந்துகொண்டு திரிந்ததுதான் மிச்சம்.

ஆகவே வாங்க முதல், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற திருத்துகிற கடைக்கு நடந்து போங்கள். அங்கே தொங்குகிற ரயர்களையும் ரியூப்களையும் பாருங்கள். எந்தச் சைஸ் கூடத் தொங்குகிறதோ அந்தச் சைஸ் சைக்கிள்தான் அந்த ஊரில் ஓடுகிறது. 28 × 1½உம் 26 × 1⅜உம் குச்சொழுங்கைக் கடையிலும் இருக்கும். 559க்கும் தட்டுப்பாடு வராது. 622 என்றால் பட்டணத்துக்குப் போகவேண்டி வரலாம், ஒரு ரயரும் இரண்டு ரியூப்பும் கூடவே வாங்கி வீட்டில் வையுங்கள்.

ரியூப்பின் வாயையும் பாருங்கள். பழைய சைக்கிள்களில் உள்ளே சின்ன றப்பர்க் குழாய் மாட்டிய வால்வு இருக்கும். அது வெடித்துக் காற்றுப் போனால் றப்பரை மட்டும் மாற்றினால் சரி, ரியூப்பில் ஒட்டுப் போட வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பெற்றோல் செற்றிலேயே காற்றடிக்கலாம். மெல்லிய நீட்டு வால்வு வந்தால் அதற்கான சின்னப் பித்தளை மூடியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெற்றோல் செற்றுப் பம்பு பொருந்தாது.

மலை இல்லை, காற்று இருக்கிறது

"யாழ்ப்பாணம் தட்டையான ஊர், கியர் எதுக்கு?" என்று கேட்பவர்கள் ஆனி, ஆடியில் பண்ணைப் பாலத்தில் ஏறிப் பார்க்கவில்லை. வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். பாதையும் கோட்டையடியிலிருந்து மேற்குப் பக்கமாகவே தீவுக்குப் போகிறது. வேலணைக்குப் போகும்போது காற்று முகத்தில், திரும்பும்போது முதுகில். மாரியில் வாடைக்கு இது மறுதலை. இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு பனையும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடுகிறவர், 15 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் அதே வேகத்தில் ஓடப் பார்த்தால் முகத்தில் படுவது 30. எதிர்ப்பு நாலு மடங்கு. ஆகவே வேகத்தைக் குறைத்து, காலை இலேசாகச் சுற்ற விடுகிற கியர் வேண்டும்.

கியர் இல்லாத உயரச் சைக்கிளில் முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், ஒருமுறை உழக்கச் சைக்கிள் சுமார் 5.5 மீற்றர் போகும். பட்டணத்துக்குள் அது அருமையான அளவு. சோளகத்துக்கு எதிரே முழங்கால் நோகும். கியர்ச் சைக்கிளில் முன் 38, பின் 28 என்று போட்டால் ஒரு சுற்றுக்கு 2.8 மீற்றர்தான். மெல்லப் போவீர்கள், ஆனால் இறங்கி உருட்ட மாட்டீர்கள். பின்னால் 7 கியர், முன்னால் ஒரே சக்கரம், இது போதும். 21, 24 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் மூன்று சக்கரம் வைத்தால் அதை மாற்றும் கம்பியும் கருவியும் உப்புக்கு இறுகப்போகிற இன்னொரு சாமான், அவ்வளவுதான்.

பட்டணத்துக்கு உள்ளேயே, ஐந்தாறு கிலோமீற்றருக்குள் உங்கள் வாழ்க்கை முடிகிறது என்றால் கியரே வேண்டாம். காற்றுக்குக் கஷ்டமாக இருந்தால் பின்னால் இருக்கிற 18 பல்லுப் பிறீவீலைக் கழற்றி 20 அல்லது 22 பல்லுப் போடச் சொல்லுங்கள். 22 போட்டால் ஒரு சுற்றுக்கு நாலரை மீற்றருக்குக் கிட்ட வரும். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம். செலவு பெரிதில்லை, வித்தியாசம் முதல் நாளே காலுக்குத் தெரியும்.

அளவும் பிறேக்கும்

பார் உள்ள சைக்கிள் என்றால் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நில்லுங்கள். பாருக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு விரலாவது இடைவெளி வேண்டும். பிறகு சீற்றில் ஏறி, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் சீற் உயரம் சரி. ஓடும்போது முன்பாதத்தால் உழக்குவீர்கள், அப்போது முழங்கால் அளவாக மடியும். இங்கே பலர் சீற்றை ஒரேயடியாகப் பதித்துவிட்டு ஓடுவதும், பிறகு முழங்காலுக்கு எண்ணெய் பூசுவதும் வழக்கம்.

சீலை, சாரம், வேட்டி கட்டுபவர்கள், அடிக்கடி ஏறி இறங்குபவர்கள், வயது போனவர்கள் பார் இல்லாததையே எடுங்கள். ஆம்பிளைகள் லேடீஸ் சைக்கிள் ஓடினால் சிரிப்பார்கள் என்று வெளியூர்த் தம்பி ஒருவர் வெட்கப்பட்டார். இங்கே அரைவாசி ஐயாமார் ஓடுவது அதைத்தான். பாரமான சுமை ஏற்றுபவர்களுக்கு மட்டும் பார் வைத்தது உறுதி.

பிறேக்கில் ஒன்றைக் கவனித்தால் போதும்: ரிம் மினுமினுக்கிற இரும்பா, அலுமினியமா? இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிறேக் கட்டை வழுக்கும். சைக்கிள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். மாரியிலும் வேலைக்குப் போகிறவர் அலுமினிய ரிம்மும், இரண்டு கையாக வந்து பிடிக்கிற நீட்டுப் பிறேக்கும் உள்ளதை எடுங்கள். டிஸ்க் பிறேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதற்கான கட்டை உங்கள் சந்திக் கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு யோசியுங்கள்.

கூடப் பூட்டுகிற சாமான்

மட்காட், ஸ்ராண்ட், பெல், முன் பின் லைற், லொக். இரவில் லைற் இல்லாமல் ஓடுவது சட்டப்படி குற்றம், மறித்தால் மறுகதை கிடையாது. குச்சொழுங்கை முடக்குகளில் பெல் உங்கள் உயிர், முடக்குக்கு முன்பே அடியுங்கள்.

கரியர் மெல்லிய கம்பியில் இருந்தால் கழற்றிவிட்டுத் தடித்ததாக ஒன்று போடுங்கள், அதன் கால்கள் பின் அச்சில் வந்து இறங்க வேண்டும். எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் சைக்கிள் மட்டும். கரியரில் அரிசி மூட்டையும் சூட்கேசும், பாரில் நான், ஹான்டிலில் இரண்டு பக்கமும் வாளி. ஓட முடியாது, உருட்டத்தான். அந்தக் கரியர் வளையவில்லை. பின் சில்லுக்கு 40 கம்பி, முன் சில்லுக்கு 32 என்பது அந்தப் பழைய உயரச் சைக்கிள்களின் கணக்கு. இன்றைக்கும் பாரம் ஏற்றப் போகிறவர் பின் சில்லின் கம்பியை எண்ணிப் பார்க்கலாம். 36க்குக் குறைந்தால் தேங்காய் மூட்டை ஏற்ற வேண்டாம்.

பழையது வாங்குவதென்றால்

நல்ல யோசனைதான். நன்றாகப் பேணிய பழைய ரலியோ லுமாலாவோ கிடைத்தால் நான் புதியதை விட்டுவிட்டு அதை எடுப்பேன். ஆனால் பகலில் போய்ப் பாருங்கள், நல்ல வெளிச்சத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு.

பெடலடியில் குழாய்கள் வந்து சேருகிற மூட்டைத் தடவிப் பாருங்கள். பெயின்ற் பொக்களித்திருந்தால் உள்ளே கறள். தீவுப் பக்கம், கரையோரப் பக்கம் ஓடிய சைக்கிளில் இது முதலில் வரும். சில்லை ஒரு கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள், 'டக் டக்' என்றால் உள்ளே போல்ஸ் தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியது, விலையில் குறைக்கச் சொல்லலாம். சில்லைச் சுழற்றிவிட்டுப் பிறேக் கட்டைக்குப் பக்கத்தில் கண்ணை வையுங்கள், ரிம் நெளிந்து நெளிந்து வந்தால் தெரிந்துவிடும். சைக்கிளை நிமிர்த்திப் பக்கவாட்டில் நின்று முன் கவட்டைப் பாருங்கள், பின்னுக்கு மடிந்திருந்தால் எங்கேயோ முட்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு வாருங்கள்.

செயினுக்கு ஒரு அடிமட்டம் கொண்டுபோங்கள். ஒரு கண்ணிப் பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலத்துக்கு நேரே இன்னொரு பின்னின் நடு வரும். 12⅛க்குப் போயிருந்தால் செயின் முடிந்தது, பெரும்பாலும் பல்லுச் சக்கரமும் கூடவே முடிந்திருக்கும்.

கடைசியாகச் சீற்றை உயர்த்தித் தரச் சொல்லுங்கள். குழாய்க்குள் கறள் பிடித்து அசையாவிட்டால் அந்தச் சைக்கிள் விற்பவருடைய உயரத்துக்கு மட்டுமே செய்தது. பிறேம் நம்பரைப் பார்த்து, பழைய பில் இருந்தால் அதோடு ஒத்துப் பாருங்கள். பில் இல்லையென்றால் விற்பவரிடம் நம்பரைப் போட்டு ஒரு கையெழுத்தாவது வாங்குங்கள். நாளைக்கு யாராவது "இது என்ரை சைக்கிள்" என்று வந்து நின்றால் அந்தத் துண்டுதான் உங்களுக்குத் துணை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

கடலோரம் ஓடிவிட்டு வந்த அன்றே கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி ஊற்றிக் கழுவுங்கள், குழாயால் பீச்சியடிக்க வேண்டாம், போல்ஸுக்குள் தண்ணீர் ஏறும். செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. நாலு நாளில் அது மண்ணோடு சேர்ந்து களியாகிவிடும். கடையில் செயினுக்கென்று விற்கிற எண்ணெய், அவசரத்துக்குத் தையல் மெசின் எண்ணெய். விட்டபின் மேலே மினுங்குகிறதைத் துடைத்துவிட வேண்டும், எண்ணெய் கண்ணிக்குள் இருந்தால் போதும்.

புதிய சைக்கிளில் முதல் இருபது நாளுக்குள் பிறேக் கம்பி இழுபட்டுத் தளரும், சில்லுக் கம்பிகள் இளகும், பெடல் கையில் இருக்கிற நட்டும் ஆடத் தொடங்கும். மூன்றாம் கிழமை கட்டாயம் கடைக்குக் கொண்டுபோங்கள். எங்கள் சந்தி ஐயா எந்தக் கருவியும் எடுக்க முதல் சில்லைத் தூக்கி, கம்பிகளை வீணை மாதிரி ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டு போவார். இளகினது மந்தமாகச் சத்தம் போடும், அதில் மட்டும் சாவியை வைத்துக் கால் சுற்றுத் திருப்புவார். பத்து நிமிட வேலை. அங்கே நிற்கும்போது நீங்களும் ஒருதரம் சுண்டிக் காதைப் பழக்குங்கள், அடுத்த முறை எந்தக் கம்பி இளகியிருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.